சனி கிரகத்தில் இருபத்துமூன்று தப்பு

வீட்டுக்காரர் கோவிந்தப்பா திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே போன் செய்து, "டென்சில், உன் வீடியோ பார்த்தேன். கொஞ்சம் மேல வா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டென்சிலுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பொம்மனஹள்ளியில் ஒரு சட்டைக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவனுக்கு. நாள் முழுக்கக் கோணல் தையலையும் நிறம் மாறிய பொத்தானையும் பிடித்துப் பழகிய கண், வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை. பழைய படங்களில் தப்பு கண்டுபிடித்து யூடியூபில் போடுவான்.

நேற்றுப் போட்டது 'சனி கிரகத்துச் சம்பந்தி'. எண்பத்தேழில் வந்து மூன்றே நாள் ஓடிய விஞ்ஞானப் படம். அதில் ராக்கெட் கேப்டனின் கடிகாரம் இடது கையிலிருந்து வலது கைக்குத் தாவும். இளவரசி பாதி கடித்த வாழைப்பழம் அடுத்த ஷாட்டில் முழுசாக இருக்கும். வெந்நீர் பாய்லரில் செய்த ரோபோவுக்குக் குழாய் ஒரு சமயம் வயிற்றில் இருக்கும், ஒரு சமயம் முதுகில் இருக்கும். மொத்தம் இருபத்துமூன்று தப்பு. 'டைரக்டர் கண்ணைக் கட்டிக்கிட்டு எடுத்திருக்கார்' என்று வீடியோவை முடித்திருந்தான்.

மாடியில் கோவிந்தப்பா டிவியில் அந்த இடத்தில்தான் நிறுத்தி வைத்திருந்தார். அவர் மனைவி சந்திரம்மா ஓரமாக உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"டைட்டில்ல டைரக்‌ஷன் சூர்யகாந்த்னு வருதில்ல, அது நான்தான்," என்றார் கோவிந்தப்பா. "என் சொந்தப் பேரு போஸ்டர்ல எடுபடாதுன்னு சொல்லி மாத்திட்டாங்க."

அல்சூரில் இந்த வீடு கிடைக்க டென்சில் எட்டு மாதம் அலைந்திருந்தான். மனைவி பவுலினுக்கு இது ஏழாவது மாதம்.

"சார், அது பார்ட் ஒண்ணு சார்."

"அப்படின்னா?"

"பார்ட் ரெண்டுல, அதெல்லாம் தப்பே இல்ல, டைரக்டர் வேணும்னே பண்ணதுன்னு சொல்லப்போறேன்."

"எது வேணும்னே பண்ணது?"

"கடிகாரம் கை மாறுதில்ல சார், சனி கிரகத்துல நேரம் தலைகீழா ஓடுதுன்னு நீங்க சொல்லாம சொல்றீங்க."

கோவிந்தப்பா டிவியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல நீ ஒருத்தன்தான் தம்பி புரிஞ்சுக்கிட்டே."

கீழே வந்து சொன்னபோது பவுலின் தோசைக் கரண்டியோடு நின்றாள். "சாரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருந்தா முடிஞ்சிருக்கும் டென்சில்."

"இப்ப மட்டும் முடியலையா? ஆள் குஷியா இருக்கார்."

குஷிதான் வினையாயிற்று. இரண்டாவது வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். கோவிந்தப்பா அதைத் தனக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். அவர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸ்ரீகண்டன், அல்சூர் ஏரிக்குப் பக்கத்து ஹாலில் படத்தையே திரையிட ஏற்பாடு செய்துவிட்டார்.

"நீதான் பேசணும்," என்றார் கோவிந்தப்பா. "இருபத்துமூணுக்கும் விளக்கம் சொல்லிடு."

"நீங்களே சொன்னா இன்னும் நல்லா இருக்கும் சார்."

"என் வாயால சொன்னா தற்பெருமை ஆயிடும்பா."

டென்சில் கம்பெனிக்கு இரண்டு நாள் லீவு போட்டான். பாய்லர் குழாய் ஏன் முதுகுக்குப் போகிறது என்பதற்கே ஒரு முழு நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஹால் நிரம்பிவிட்டது. முதல் பத்து நிமிடம் ஜனங்கள் சிரித்தார்கள். டென்சில் மைக்கில் விளக்கம் சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. ரோபோ திரும்பியபோது, "இயந்திரத்துக்கு முன்னும் பின்னும் ஒண்ணுதான், மனுஷனுக்குத்தான் முதுகுன்னு ஒண்ணு இருக்கு," என்றான். கைதட்டினார்கள். அவனுக்கே கொஞ்சம் புல்லரித்தது.

வாழைப்பழம் வந்தபோது ஸ்ரீகண்டன் எழுந்தார். "கடிச்ச பழம் எப்படிங்க முழுசாகும்? இதுக்கு என்ன தத்துவம்?"

எழுதி வைத்திருந்த தாளை டென்சில் புரட்டினான். பதினேழாம் எண்ணைக் காணவில்லை.

"அது வந்து, ஆசை சார். எவ்வளவு தின்னாலும் ஆசை குறையாது, அப்படியே முழுசா இருக்கும்."

கோவிந்தப்பா அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "அந்தப் பழத்துக்காக ஒரு வாரம் தூங்கலைங்க நான்," என்றார்.

மனிதர் நடிக்கவில்லை. முழுக்க நம்பிவிட்டார் என்று டென்சிலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இவ்வளவு பேர் புரிஞ்சுக்கிட்ட பிறகு நான் சும்மா இருக்க முடியாது," என்று கோவிந்தப்பா தொடர்ந்தார். "ரெண்டாம் பாகம் எடுக்கறேன். டென்சில்தான் என் அசிஸ்டென்ட். ராக்கெட் செட்டை எங்க கீழ் வீட்டு ஹால்லயே போடறோம்."

கீழ் வீடு என்றால் டென்சிலின் வீடு. மூன்றாவது வரிசையில் இருந்த பவுலின் வயிற்றின் மேல் கை வைத்தபடி அவனையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை ஒரு டெம்போ நிறைய பிளைவுட்டும் ஒரு பழைய பாய்லரும் வாசலில் வந்து இறங்கின. ஆட்கள் ஹாலில் அளவெடுத்தார்கள். ஒருவன் பவுலினிடம், "அக்கா, இந்தத் தொட்டிலை எடுத்துடுங்க, இங்கதான் என்ஜின் வருது," என்றான்.

பவுலின் தொட்டிலை எடுக்கவில்லை. "டென்சில், நீ இப்பவே மேல போய் உண்மையைச் சொல்லு. வீடு போனா போகட்டும். என் குழந்தை ராக்கெட்ல பொறக்க வேணாம்."

டென்சில் படியேறினான். கோவிந்தப்பா கதை எழுத நோட்டு வாங்கப் போயிருந்தார். சந்திரம்மா மட்டும் அடுப்படியில் இருந்தார்.

"அம்மா, நீங்களே சார்கிட்ட சொல்லிடுங்க. அதெல்லாம் வேணும்னே பண்ணதுன்னு நான் சொன்னது பொய். வீட்டைக் காலி பண்ணச் சொல்வாரோன்னு பயந்து வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். எல்லாம் வெறும் தப்புதான்."

சந்திரம்மா அடுப்பை அணைத்தார். ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்து, கணவர் இன்னும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

"ராக்கெட்டை மொட்டை மாடில போடச் சொல்றேன், நீ கவலைப்படாதே. ஆனா அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாதே."

"பொய்யை எத்தனை நாளுக்கும்மா காப்பாத்தறது?"

"அது பொய்னு யாருப்பா சொன்னா? அந்தப் படத்துல சாமானெல்லாம் எடுத்து வைக்கிற வேலை என்னோடது. ஏதாவது மாத்தி வெச்சா, 'யாரு இது பண்ணது'ன்னு திட்டவாவது இந்த மனுஷன் என்னைத் திரும்பிப் பார்ப்பாருன்னு இருபத்துமூணு தடவை பண்ணேன், ஒண்ணைக்கூடக் கவனிக்கல, கடைசில நானே போய்க் கேட்டுத்தான் கட்டிக்க வேண்டியதாப் போச்சு."