காகிதத்தில் சிவப்பு

“இந்தக் காயிதம் உங்களுது இல்லம்மா” என்றார் காரைக்கால் அரசு அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த எழுத்தர் தெட்சிணாமூர்த்தி. “இதுல நல்ல சிவப்புன்னு போட்டிருக்கு. நீங்க கறுப்பு.”

நெரவி தையல்நாயகி தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். காகிதம் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், படம் ஒட்டும் வழக்கம் வருமுன் எழுதியது. அப்போது அவள் கணவனின் துணிக்கடைக்குப் பின்னால், வீட்டுக்குள்ளேயே இருந்தவள். அவன் இறந்தபின் பதினோரு வருடமாக வயலில் நிற்கிறாள்.

சைகோனில் மகள் அன்னபூரணிக்குத் தலைப்பிரசவம். துணைக்கு யாருமில்லை. கப்பல் ஆனி இருபதாம் தேதி. காகிதத்தில் உள்ளவள் இவள்தான் என்று இந்த அலுவலகம் சான்று தந்தால்தான் பயணச்சீட்டு கிடைக்கும்.

அடுத்த வீட்டு மஹ்பூபா விவரம் கேட்டுவிட்டு, பத்து நாள் வெயில் படாமல் இருந்தாலே தோல் வெளுத்துவிடும் என்றாள். தையல்நாயகி கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறாம் நாள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நடவை விட முடியுமா? அதற்குள் கொஞ்சமாவது வெளுக்கட்டும் என்று முகத்திலும் கையிலும் எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வயலுக்குப் போனாள்.

சாறு பட்ட இடத்தை வெயில் சும்மா விடவில்லை. இரண்டு நாளில் தோல் சிவந்து கொப்பளித்தது. பிறகு கொப்புளம் அடங்கி, கன்னத்திலும் கையிலும் திட்டுத்திட்டாகக் கருமை படர்ந்தது.

மறுபடி அலுவலகம் போனபோது தெட்சிணாமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். போன தடவை ஓர் ஆள்தான் சந்தேகமாக இருந்தது, இப்போது இரண்டு ஆள் தெரிகிறது என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

திட்டை மறைக்க மஹ்பூபா முகப்பவுடர் பூசி அனுப்பினாள். நெரவியிலிருந்து காரைக்கால்வரை நடந்ததில் வியர்வை வழிந்து, பவுடர் கோடுகோடாக இறங்கியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தெட்சிணாமூர்த்தி சிரிக்கவில்லை. வேடம் போட்டு வந்து அரசாங்கத்தை ஏமாற்றப் பார்ப்பதாக எழுதி மேலே அனுப்பப் போவதாகச் சொன்னார்.

கப்பலுக்கு இன்னும் நான்கே நாள்.

தையல்நாயகி வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்து வரிசையில் நிற்காமல் நேராக மேசை முன் நின்றாள். ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். முழங்கைக்கு மேலே கோடு கிழித்தாற்போல் இரண்டு நிறம். மேலே கோதுமை, கீழே கரிசல்.

“இதுல எது தையல்நாயகி, எது வேற ஆளு? நீங்களே சொல்லுங்க சார்.”

அவர் காகிதத்தைப் புரட்டினார்.

“வெயில்ல நின்னவ நான். கறுத்தேன். காயிதம் பொட்டிக்குள்ள இருந்துச்சு, அது எப்படிக் கறுக்கும்? இனிமே நான் வெளுக்கப் போறதில்ல. பேத்தியோ பேரனோ, இந்தக் கையாலதான் தூக்குவேன். எழுதுறதுன்னா எழுதுங்க. இல்லேன்னா இங்கேயே நிக்கிறேன்.”

நின்றாள். வரிசையில் இருந்த காரைக்கால்மேட்டு மீனவர் கோவிந்தராசு சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைக் காட்டினார். அவர் முகத்துக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை. பின்னால் நின்ற நாலைந்து பேரும் கையைச் சுருட்டத் தொடங்கினார்கள். அலுவலகத்தில் ஆளுக்கு இரண்டு நிறம் தெரிந்தது.

தெட்சிணாமூர்த்தி அவசரமாகப் பேனாவை எடுத்தார். “காகிதத்தில் கண்டபடி மேல்கை நிறம் சிவப்பு என நேரில் சோதித்து உறுதி செய்யப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தையல்நாயகிக்குக் கண் நிறைந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ரவிக்கைக் கையை இறக்கிவிட்டாள்.

ஒரு மாத விடுப்பு முடிந்து அன்று காலைதான் வேலைக்குத் திரும்பியிருந்த பழைய சேவகர் காஜா மைதீன் சீல் வைக்க வந்தார். எழுதியிருந்ததை ஒருமுறைக்கு இருமுறை படித்தார்.

“இதை எதுக்கு சார் சோதிச்சீங்க? வெள்ளக்காரன் காலத்துல எங்ககிட்ட நிறத்துக்குன்னு ஒரே ஒரு ரப்பர் முத்திரைதான் இருந்துச்சு. காரைக்கால்ல அத்தனை பேருமே நல்ல சிவப்புதான்.”