மூச்சு சாரும் ஒரு பித்தளைக் கைப்பிடியும்

அரியலூரில் ஒருவரைப் பார்த்து "மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடம் அவர் கையாலேயே டீயும் வாங்கிக் குடிக்க முடிந்த ஒரே மனிதர் எங்கள் தெரு மூச்சு சார்தான்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. மின்கட்டண அட்டையில் இருக்கிறது, யாரும் படித்ததில்லை. சிமெண்ட் ஆலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் முப்பது வருடம் தூளை எடை போட்ட மனிதர். ஓய்வு பெற்ற மறுவாரம் ராணுவ டாங்கி செய்ய உட்கார்ந்துவிட்டார்.

ஒரு சாண் நீளத்துக்கு டாங்கி. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். பிளாஸ்டிக்கை ஒட்டுவது அவருக்குச் சோறு வடிப்பது போல. உயிரை வாங்குவது கூடவே வரும் பித்தளைத் தகடு. காகித மெல்லிசுத் தகட்டில் கொக்கி, கைப்பிடி, கண்ணி, விளக்கை மூடும் வலை என்று நூறு பாகங்கள் வெட்டியும் வெட்டாமலும் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றின் பக்கத்தில் தோட்டுத் திருகாணியை வைத்தால் தேங்காய் மாதிரி தெரியும்.

ஒவ்வொன்றையும் பிளேடால் நறுக்க வேண்டும். கண்ணாடித் துண்டின்மேல் வைத்து மடிக்க வேண்டும். பல் குத்தும் குச்சியின் நுனியில் துளி மெழுகைத் தடவி, அதில் ஒட்டவைத்துத் தூக்க வேண்டும். ஊசி முனையால் பசை தொட்டு வைக்க வேண்டும். அவரது சிறு இடுக்கியை ஒரு இம்மி கூடுதலாக அழுத்தினால் பாகம் பறந்துவிடும். பறந்தது பறந்ததுதான். அதனால் அந்த அறையில் மின்விசிறி இருந்தும் போடுவதில்லை. அரியலூர் வெயிலில், சித்திரையில், ஜன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை நடுங்கும் என்று காலையில் காபி குடிப்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் முகத்தைத் திருப்பி இடதுபக்கமாக மூச்சு விட வேண்டும். வலதுபக்கம் பசை காய்ந்துகொண்டிருக்கும்.

விழும் பாகம் தரைக்குப் போகாமலிருக்க ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். வேட்டியின் முன்பகுதியைத் தொட்டில் மாதிரி விரித்து, துணி காயப்போடும் கிளிப்புகளால் மேசை விளிம்போடு மாட்டிவிடுவார். ஒருநாள் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் குரல் கொடுக்க, மாட்டியிருப்பதை மறந்து எழுந்துவிட்டார். மேசையும் டாங்கியும் பசைக் குப்பியும் அவரோடு பாதி தூரம் வந்தன. அங்கே வேட்டியும் அவற்றோடு நின்றுகொண்டது, கதவு வரைக்கும் போனது அவர் மட்டும்தான். சிலிண்டர்காரர் டீக்கடையில் போய், அந்த வூட்டுக்கு இனிமேல் வேற ஆளை அனுப்புங்க என்று சொன்னதாகக் கேள்வி.

ஆனால் தெருவுக்கு அவர் பெரிய உபகாரி. திருகாணி தொலைந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தரையில் கன்னத்தை வைத்து டார்ச்சைப் படுக்கையாக அடித்து இரண்டே நிமிடத்தில் எடுத்துவிடுவார். கீரைக்காரம்மா காலில் கருவேல முள் ஏறியபோது டவுன் ஆஸ்பத்திரியைத் தாண்டி இவரிடம் வந்தது. முள்ளை எடுத்தவர், அதை லென்ஸில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "நுனி ஒடயல. நல்ல முள்ளு" என்று பாராட்டினார். காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் எதிர்வீடு. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தினம் நான்கு மணிக்கு அவர் அறையில் போய் உட்காருவேன். எனக்கென்று ஒரு லென்ஸும் முதுகு சாயாத ஒரு ஸ்டூலும் உண்டு. சாய்ந்தால் பெருமூச்சு வருமாம்.

அவர் ஏன் டாங்கி மட்டும் செய்கிறார் என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவருடைய அண்ணன் ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர். பெரம்பலூரில் மகன் வீட்டில் இருந்தார். கண்ணில் நீரழுத்தம் ஏறி இடது கண் போய்விட்டது, வலது கண்ணில் கொஞ்சம் மிச்சம். அதுவும் சில மாதம்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தான் ஓட்டின வண்டியை ஒருதடவை பார்த்துவிட்டால் போதும் என்று அண்ணன் சொன்னாராம். முதலில் செய்த நாலைந்து டாங்கிகள் கைப்பழக்கத்துக்கு. இப்போது மேசைமேல் இருந்தது அண்ணனின் வண்டி.

"அதுக்குள்ள முடிச்சுடணும் சார்" என்றார் ஒருநாள், இடதுபக்கம் திரும்பி மூச்சு விட்டுக்கொண்டே.

இனி நான் சொல்வது இந்தத் தெருவில் வேறு யாருக்கும் முழுதாகத் தெரியாது.

சித்திரையில் ஒருநாள், நாலு மணிக்கும் வெயில் இறங்கவில்லை. அவர் கடைசிப் பாகங்களை மடித்து மேசையில் வரிசையாக வைத்திருந்தார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். நான் எழுந்து மின்விசிறியைப் போட்டேன். இயற்பியல் படித்தவன் செய்கிற காரியமா அது? ஒரே ஒரு நிமிடம் என்று நினைத்தேன். மூன்று சுற்று சுற்றுவதற்குள் மேசை காலியாகிவிட்டது.

அவர் சொம்போடு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "வெளில போங்க சார்" என்றார்.

முப்பது வருடம் வகுப்பில் மற்றவர்களை நான் அனுப்பிய வார்த்தை அது. கீரைக்காரம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். முழங்கை வேர்வையில் ஏதோ மின்னியது. அரை எள் அளவில், இரண்டு முனையும் மடிந்த பித்தளைத் துணுக்கு. பார்த்ததும் தெரிந்தது: ஓட்டுநர் ஏறி இறங்குகிற மூடியின் கைப்பிடி. அண்ணன் கை வைத்த இடம்.

உடனே எதிர்வீட்டுக்குப் போயிருக்கலாம். பத்தடி தூரம். இரண்டு நாள் தேடட்டும் என்று காலி விபூதி டப்பாவில் போட்டு மூடினேன்.

அவர் தேடினார். மற்ற பாகங்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. இது மட்டும் இல்லை. அறைக் குப்பையை மாவுச் சல்லடையில் சலித்தார். மூன்றாம் நாள் என் வாசலுக்கே வந்தார். மன்னிப்புக் கேட்டார், நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டார். பிறகு, "ஒங்க சட்டயில கிட்டயில ஒட்டிக்கிட்டு வந்துச்சா சார்?" என்றார்.

"இல்லையே" என்றேன்.

மூன்று நாள் கழித்து எடுத்துக் கொடுத்தால் என்ன நினைப்பார் என்ற வெட்கம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த வெட்கம் ஒரு நாள் வயது கூடிக்கொண்டே போனது.

கைப்பிடி இல்லாமல் கொண்டுபோக அவர் மறுத்துவிட்டார். அண்ணன் முதலில் அதைத்தான் தேடுவாராம். புதிய தகடு கேட்டு எழுதினார். ஆடி முடிந்தும் வரவில்லை. கடைசியில் பழைய ஒயரிலிருந்து செம்பு இழையை உருவி, தட்டி, வளைத்து, தானே ஒன்று செய்தார். ஒருபக்கம் லேசாகக் கோணல். எத்தனை செய்தாலும் அந்தக் கோணல் வந்தது.

ஆவணியில் பெரம்பலூருக்கு பஸ் ஏறினோம். டாங்கிப் பெட்டிக்குத் தனி சீட்டு, தனி டிக்கெட். கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "அவரு எங்க இறங்கணும்?" என்று கேட்டார். மூச்சு சார் சிரிக்காமல், பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு என்றார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பெட்டியை மடியில் தூக்கிக்கொண்டார். என்னையும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டார்.

அண்ணனின் வலது கண்ணும் அதற்குள் போயிருந்தது. ஆடியில் போயிற்று என்று மகன் சொன்னார். வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம்.

மூச்சு சார் டாங்கியை அண்ணன் மடியில் வைத்தார். பெரியவர் விரல்களால் தடவிக்கொண்டே போனார். கொக்கி என்றார். சங்கிலி மாட்டுற கண்ணி என்றார். விளக்கு வலை என்றார். ஓட்டுநர் மூடிக்கு வந்ததும் விரல் நின்றது.

"ஏன்டா, இது கோணலா இருந்தது ஒனக்கு எப்புடித் தெரியும்? மிதிச்சு மிதிச்சு நாந்தான கோணலாக்குனேன்."

தம்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கோணலில் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். நான் மறைத்ததால்தானே சரியான கைப்பிடி அமைந்தது என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். பாடம் நிற்கவில்லை. சித்திரையில் கொடுத்திருந்தால் அந்த மனிதர் தன் வண்டியைக் கண்ணால் பார்த்திருப்பார்.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம், விபூதி டப்பாவை எடுத்துக்கொண்டு நான்கு மணிக்குப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவைத் திறந்து கைப்பிடியை மேசைமேல் வைத்தேன். அவர் லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"கோணல் இல்லாம இருக்கு" என்றார்.

பிறகு லென்ஸைக் கீழே வைத்தார். "அப்பவே குடுத்திருந்தா அண்ணன் பாத்திருப்பாருல்ல சார்."

ஆமாம் என்றேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. அதையும் அவரே சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எழுந்தார்.

"ரொம்ப வேர்க்குது ஒங்களுக்கு" என்று சொல்லி, போய் மின்விசிறியைப் போட்டார்.

மேசைமேல் கைப்பிடி இருந்தது. அது எந்தப் பக்கம் பறந்தது என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.