திரையில் யோகராஜா அண்ணை

கொம்பியூட்டர்த் திரையின் நட்ட நடுவில் யோகராஜா அண்ணையின் முகம் ஒரு தபால் முத்திரை அளவுக்குத்தான் தெரிந்தது.

"இவ்வளவு பெரிய உதவி செய்த மனிசன் இவ்வளவு சின்னனாய் இருக்கலாமே?" என்றான் குகதாசன்.

"என்னைக் கேட்டால்? எனக்குக் கறி அடிப்பிடிக்குது," என்றாள் அவன் மனைவி சிவகௌரி, குசினிக்குள் இருந்தபடியே.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. ரெய்னர்ஸ் லேனில் அவர்களுடைய சின்ன வீட்டுக்கு ஒரு மணிக்கு யோகராஜா அண்ணையும் அருள்மலர் அக்காவும் சாப்பிட வருகிறார்கள். வருகிற புதன்கிழமை இருவரும் ஒரேயடியாகக் கனடாவுக்குப் போகிறார்கள். ஆகவே, நன்றி சொல்வதற்கு இந்த ஒரு சாப்பாட்டை விட்டால் குகதாசனுக்கு வேறு சந்தர்ப்பம் இல்லை.

யோகராஜா அண்ணை சொந்தக்காரர் அல்ல, ஊர்க்காரரும் அல்ல. ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், ஹீத்ரோவில் வெறும் சேட்டோடு வந்திறங்கி நடுங்கிக்கொண்டிருந்த குகதாசனுக்குத் தன் உடம்பில் கிடந்த ஓவர்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டவர். பிறகு ஹவுன்ஸ்லோவில் தன் வீட்டிலேயே பதினொரு மாதம் வைத்திருந்து சோறும் போட்டு, வேலையும் எடுத்துக் கொடுத்தவர்.

ஆனால் அந்த மனிதருக்கு நன்றி சொல்வது என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வேட்டி சால்வை கொண்டுபோனால், "ஊரிலை உன்ரை அப்பாவுக்கு அனுப்பு," என்று திருப்பித் தந்துவிடுவார். வாயைத் திறந்து 'நன்றி' என்று தொடங்கினால், "சரி சரி, கதவைச் சாத்து, ஹீற்றர்ச் சூடு போகுது," என்பார். போன மாதம் கனடாப் பயணத்துக்காக வீட்டை ஒதுக்கும்போது, விண்டோஸ் தொண்ணூற்றைந்து போட்ட தன் கொம்பியூட்டரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

அந்தக் கொம்பியூட்டரிலேயே அவருடைய படத்தைப் போட்டு வைப்பது என்று குகதாசன் தீர்மானித்திருந்தான். திரையில் போட்ட நன்றியைத் திருப்பித் தர முடியாது அல்லவா? படமும் கையில் இருந்தது. அந்த ஓவர்கோட்டின் உள்துணி கிழிந்தபோது உள்ளே இருந்து விழுந்த, பாஸ்போட் அளவுக் கறுப்பு வெள்ளைப் படம். இப்போது மொட்டையும் தொந்தியுமாய் இருக்கிற அண்ணை, அதிலே சுருட்டை முடியும் மெல்லிய மீசையுமாய்ச் சிரித்தார். வேலையிடத்து நண்பன் பீற்றர் அதை ஸ்கான் செய்து ஃபுளொப்பியில் கொடுத்திருந்தான்.

குகதாசன் எதையும் கொப்பியில் இலக்கமிட்டு எழுதிவைத்துத்தான் செய்வான். முதலாவது: படத்தைப் பெரிதாக்கல். திரையின் அமைப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தான். படத்தை நடுவில் வைக்க ஒரு புள்ளி, திரை முழுக்க நிரப்ப இன்னொரு புள்ளி. இரண்டாவதைக் கிளிக் பண்ணினான்.

திரை நிரம்பத்தான் செய்தது. ஏழு வரிசை, வரிசைக்கு ஒன்பது அண்ணைமார்.

சிவகௌரி அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, அண்ணை எலெக்சனுக்கோ நிக்கிறார்?"

"கொஞ்சம் பொறும்," என்று குகதாசன் படத்தைத் திரும்ப நடுவுக்கே கொண்டுவந்துவிட்டு, பீற்றருக்கு ரெலிபோன் எடுத்தான்.

"அது மச்சான், ஸ்கிரீனின்ரை அளவை மாத்து, படமும் மாறும்," என்றான் பீற்றர். "ஒரு சின்னக் கம்பி மாதிரி இருக்கும், இழுத்துவிடு."

எந்தப் பக்கம் என்று அவன் சொல்லவில்லை. பெரிய எண் உள்ள பக்கம்தானே பெரிதாக்கும் என்று குகதாசன் வலது கோடிவரை இழுத்துவிட்டான். திரை 'டிக்' என்றது. பிறகு கும்மிருட்டு.

"பீற்றர், படம் செத்துப்போச்சுதடா!"

"பயப்பிடாதை. பதினைஞ்சு செக்கன் ஒண்டையும் தொடாமல் இரு, தானாய்ப் பழையபடி வரும்."

"நான் என்டரை அமத்திப்போட்டனே."

"எத்தினை தரம்?"

"ஒரு... ஏழு தரம்."

பீற்றர் பெருமூச்சு விட்டான். "இந்த அளவு உனக்குச் சரியோ எண்டு அது உன்னைக் கேட்டிருக்கும். நீ இருட்டுக்குள்ளை நிண்டு ஓம் ஓம் எண்டிருக்கிறாய்."

அணைத்து, திரும்பப் போட்டு, எஃப் எட்டை அமத்தி, 'பாதுகாப்பு முறை' என்ற ஒன்றுக்குள் போனார்கள். திரை வந்தது. ஆனால் பதினாறே பதினாறு நிறங்கள். எழுத்தெல்லாம் தடித்து, சுற்றிவர ஆஸ்பத்திரிச் சுவரின் பச்சை. அந்தப் பச்சைக்குள் அண்ணை வருத்தக்காரனைப் போல் இருந்தார். பழைய நிறங்களைத் திரும்ப எடுக்க பீற்றருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது: பச்சையை மாற்றல். கறுப்பைப் போட்டுப் பார்த்தான். அண்ணை எடுப்பாக இருந்தார். மூன்றாவது: படத்தைப் 'பெயின்ற்' என்ற பகுதியில் திறந்து மூன்று மடங்கு இழுத்தல். முகம் நன்றாகப் பெருத்தது. விளிம்பு மட்டும் பிசிறு தட்டியதால், சுற்றிவர ஒரு வெள்ளைக் கோடு கீறினான். நான்காவது: வாசகம். தமிழ் எழுத்து அதில் இல்லாதபடியால், ஆங்கில எழுத்தில் படத்துக்குக் கீழே 'என்றும் மறவோம்' என்று அடித்தான். எல்லாம் முடிய ஒரு மணிக்கு நாலு நிமிடம் இருந்தது.

"இஞ்சை வந்து பாரும் இப்ப!"

சிவகௌரி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் நெஞ்சில் கையை வைத்தாள். "ஐயோ கடவுளே! ஆரப்பா செத்தது?"

குகதாசன் இரண்டடி பின்னால் வந்து பார்த்தான். கறுப்புத் திரை. நடுவில் வெள்ளைக் கட்டம் போட்ட கறுப்பு வெள்ளைப் படம். என்றும் மறவோம். அறையில் ஒரே ஒரு பிளக் சுவாமித் தட்டுக்குக் கீழேதான் இருந்ததால், கொம்பியூட்டரும் அங்கேதான் இருந்தது. மேலே குத்துவிளக்கு எரிந்தது. சாம்பிராணிப் புகை மெல்ல இறங்கி வந்து அண்ணையின் மீசையைத் தடவியது.

"முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி மாதிரியெல்லே கிடக்கு! எடுங்கோ, கெதியாய் எடுங்கோ!"

எடுக்கப் போனான். திரை உறைந்துவிட்டது. மவுஸ் அசையவில்லை, ஒரு மணற்கடிகாரம் மட்டும் அண்ணையின் நெற்றியில் நின்றது. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. சிவகௌரி மேசை விரிப்பை உருவி, கொம்பியூட்டரின் மேல் எறிந்தாள். சுவிச்சை அணைத்தால் போயிற்று என்ற யோசனை இருவருக்கும் மறுநாள்தான் வந்தது.

"என்னடா, வேர்த்துக் கொட்டுது?" என்றபடி யோகராஜா அண்ணை உள்ளே வந்தார். அருள்மலர் அக்காவின் கையில் ஒரு கேக் பெட்டி.

"ஹீற்றர், அண்ணை."

"கொம்பியூட்டர் ஓடுதோ?"

"ஓம், ஓம், திறமாய் ஓடுது. நீங்கள் முதலிலை சாப்பிடுங்கோ அண்ணை, ஆறுது."

"நான் தந்த சாமானுக்கு ஏனடா முக்காடு போட்டிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே, அண்ணை விரிப்பின் நுனியைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார்.

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு கதிரையைத் தேடிப் பிடித்து இருந்தார்.

"அண்ணை, நன்றி சொல்லத்தான் அண்ணை செய்தனான். நிறம் போச்சுது. கறுப்பு நான் வேணுமெண்டு போடேல்லை. நீங்கள் நூறு வயசு..."

"வாயை மூடு," என்றார் அண்ணை. "உந்தப் படம் உனக்கு எங்காலை?"

"நீங்கள் தந்த கோட்டிலை, உள்துணிக்குள்ளை போய்க் கிடந்தது."

"கோட்டுக்குள்ளை," என்றார் அண்ணை. "எங்கை அது?"

குகதாசன் மேசை லாச்சியைத் திறந்து படத்தை எடுத்து நீட்டினான். கிழித்து எறியப்போகிறார் என்று நினைத்தான். அண்ணை அதை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சேட்டுப் பையில் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டார். பிறகு எழும்பிவந்து குகதாசனின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"நன்றியடா, தம்பி."

குகதாசன் கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். ஒன்பது வருடத்தில் அந்தச் சொல்லை வீட்டுக்குள் வரவிடாத மனிதர். உறவை வெட்டிக்கொண்டு போகிறார் என்றுதான் அதற்கு அர்த்தம்.

"அப்பிடிச் சொல்லாதையுங்கோ அண்ணை! கோவமெண்டால் ரண்டு அடி அடியுங்கோ, நன்றி மட்டும் சொல்லாதையுங்கோ!"

அருள்மலர் அக்கா கேக் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "அவருக்கு ஒரு கோவமும் இல்லைத் தம்பி, படத்திலை இருக்கிறது இவரே இல்லை, எண்பத்தாறிலை ஊரிலை செத்துப்போன இவரின்ரை தமையன், மிஞ்சியிருந்த அந்த ஒரு படத்தைத்தான் இவர் ஒன்பது வரியமாய் வீடு முழுக்கத் தேடினவர்."