நான்கு நீல விசிறிகளும் ஒரு வெள்ளைக் கவுனும்

என் கம்ப்யூட்டருக்கு நீல விளக்கு எரியும் நான்கு விசிறிகளை நானேதான் பொருத்தினேன். அதைப் பற்றி எங்கள் குடும்பத்தில் உலவும் கதைகளில் பாதி பொய். இந்த வீட்டில் தேதி போட்டு டைரி எழுதுகிறவன் நான் ஒருவன்தான். ஆகவே நான் சொல்வதே வரலாறு.

2006, மே மாதம். அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று வரும். கூடவே துறைமுகத்து நிலக்கரித் தூளும் வரும். (காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம்.) சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் அரைமணிக்கொரு முறை மயங்கி விழுந்தது. அக்கா மகள் ஜெசிந்தா மாதா கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு நன்றி அட்டை அதில்தான் தயாராகிக்கொண்டிருந்தது.

ரிச்சி தெருக் கடையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் எரியவிட்டு ஒரு மணிநேரம் பார்த்தேன். மாதாவுக்கு உகந்த நிறம் என்று நீலத்தைத் தேர்ந்தெடுத்தேன். (காற்று எவ்வளவு வரும் என்று கேட்கவே இல்லை.)

"ரெண்டு உள்ள இழுக்கணும், ரெண்டு வெளிய தள்ளணும். மறந்துடாத மாமு" என்றார் கடைக்காரர்.

"உள்ள இழுத்தா ஹார்பர் கரியும் சேந்து வரும். நாலுமே வெளிய தள்ளட்டும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஏரியா நீ?"

"ராயபுரம்."

"அப்ப சரி" என்று பையைக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை நான்கையும் வெளிப்பக்கம் தள்ளும்படி மாட்டினேன். மின்சாரம் தரும் மஞ்சள் கம்பியில் பன்னிரண்டு வோல்ட், சிவப்பில் ஐந்து. புது விசிறி பயந்துவிடக் கூடாதே என்று சிவப்பில் இணைத்தேன். (பயந்தவன் நான்.) விசிறிகள் சோம்பலாகச் சுற்றின. அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, சாவப்போற மின்மினிப்பூச்சி கணக்கா கீது? இதுக்கா அம்மாந்தூரம் போய்ட்டு வந்த?"

இதை எப்படிப் பொறுப்பது? மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு இணைப்பை மஞ்சளுக்கு மாற்றினேன். ஏழரைக்குப் பூசை. அக்கா இரண்டு மாதம் தன் கையாலேயே தைத்த வெள்ளைக் கவுனில் ஜெசிந்தா வந்து நின்றாள். கோவிலில் குழந்தைகள் வெள்ளை உடையில் வரிசையாகப் போவார்கள். அவளுக்கு முதல் வரிசை.

"இப்டி வந்து நில்லு கண்ணு. நீல வெளிச்சத்துல ஒரு போட்டோ" என்று மேசையோரம் நிறுத்திச் சுவிட்சைப் போட்டேன்.

வெளிச்சம் வந்தது. அபாரமான நீலம். பின்னாலேயே, நான்கு ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் குடியிருந்த நிலக்கரியும் வந்தது. புதுக் கரி உள்ளே வராமலிருக்க அத்தனை யோசித்த நான், உள்ளே இருந்த பழைய கரியை யோசிக்கவில்லை. பக்கவாட்டு விசிறி நேராகக் குழந்தையின் நெஞ்சைப் பார்த்திருந்தது.

அக்கா ஈரத்துணியால் துடைத்தாள். புள்ளிகள் கோடுகளாயின.

"பாவி, புள்ளைய இப்ப எப்டிடா கோயிலுக்கு இட்டுகினு போவேன்?" என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதாள்.

ஜெசிந்தாதான் பேசினாள். முகமெல்லாம் கரி, பல் மட்டும் வெள்ளை. "யம்மா, பின்னாடி சுத்தமாத்தான கீது? திருப்பிப் போட்டு வுடு."

முகம் கழுவி, கவுனைத் திருப்பிப் போட்டோம். முதுகில் இருக்க வேண்டிய பித்தான் வரிசையும் பெரிய ரிப்பன் பூவும் முன்னால் வந்தன. முதுகுக்குப் போன கரியை, தலையிலிருந்து தொங்கிய நெட் துணி மூடிக்கொண்டது. ஏழு இருபத்தெட்டுக்குக் கோவில் வாசலில் இருந்தோம். முதல் வரிசையில், வயிற்றில் பூவோடு, ராணி மாதிரி நடந்தாள்.

"எந்த டெய்லராண்ட குடுத்தீங்க? புது மாடலா?" என்று பின்னாலிருந்த அம்மாள் கேட்டாள்.

அக்கா என்னை முறைத்துக்கொண்டே சொன்னாள்: "ஆமா, இவுருதான் டிசைனு."

இதையும் பதிவு செய்கிறேன்: அன்று கம்ப்யூட்டர் ஒருமுறைகூட மயங்கவில்லை. அடுத்த ஆண்டுப் புதுநன்மை வரிசையில் இரண்டு பெண்களுக்குப் பூ முன்பக்கம் இருந்தது. டைரியில் இருக்கிறது.

பல ஆண்டுகள் கழித்து ஜெசிந்தாவின் கல்யாணம். வெள்ளைக் கவுனோடு அறைக்குள் இருந்தவள், கதவை ஒரு விரல் அளவு திறந்து கேட்டாள்: "மாமா எங்க நிக்கிறாரு? கையில சுவிட்ச் எதுனா கீதா?"

கூடியிருந்த சொந்தமெல்லாம் சிரித்தது. நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ராயபுரத்தில் நான்கு விசிறிகளும் வெளியேதான் தள்ள வேண்டும். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து கிடையாது.

கதவு முழுதாகத் திறந்தது. கவுனின் பூ முன்பக்கம் இருந்தது.

தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.