மலைக்கு ஒரு நல்ல மாதம்

பன்னிரண்டு மாதங்களில் எட்டை அடித்தாகிவிட்டது. மீதி நான்கு. அந்த நான்கையும் சாப்பாட்டு மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு, சிவப்புப் பென்சிலைக் காதில் செருகியபடி, டைம்கீப்பர் பெருமூச்சு விட்டார்.

"என்னங்க, தட்டு வைக்கணும். மாசத்தையெல்லாம் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுங்க" என்றாள் மனைவி.

"இரு இரு. மழை நிக்கறதுக்கும் பனி ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல பதினோரு நாள் கிடைக்குது. அதுல மூணு நாள் கூட்டம் நெரியும். பாக்கி எட்டு."

"அந்த எட்டு நாள்ல போயிட்டு வந்துடலாமே?"

"அதுல நாலு நாள் காத்து."

"சரி, பாக்கி நாலு?"

"அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன். நீ குறுக்கே பேசாதே."

மனைவி தட்டை ஒரு மாதத்தின் மேலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று முப்பத்தொரு வருடமாக விதித்து வருகிறவர். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்ததே எல்லோருக்கும் மறந்துபோய், மனைவி வழி உறவுக்காரர்கள்கூட "டைம்கீப்பர் மாமா" என்றுதான் கூப்பிட்டார்கள். தினமும் இருநூற்றுப் பதினாறு வண்டிகளை நிமிடம் பிசகாமல் கிளப்பி விடுகிற மனிதர், தன்னையும் தன் மனைவியையும் ஒரே ஒரு மலைக்குக் கிளப்ப முடியாமல் ஒன்றரை வருடமாகத் திண்டாடிக்கொண்டிருந்தார்.

மலை என்றால் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வருகிற மலை இல்லை. உச்சியில் சாமி. கீழேயிருந்து மூவாயிரத்துச் சொச்சம் கல்படிகள். அதிலும் இது வேண்டுதல்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பகல் பதினொன்று நாற்பதுக்கு (நேரத்தை அவரே குறித்து வைத்திருக்கிறார்) டிப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். பதினொன்று நாற்பத்தைந்து வண்டியின் கண்டக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவரை அலாக்காகத் தூக்கி நீள சீட்டில் படுக்க வைத்து, "நேரா ஆஸ்பத்திரிக்கு விடுப்பா!" என்று விசில் அடித்துவிட்டார். வண்டியில் நாற்பத்து மூன்று பயணிகள். ஒருத்தர்கூட "என் ஸ்டாப் போயிடுச்சே" என்று வாயைத் திறக்கவில்லை. யாரோ ஒரு அம்மாள் வழி நெடுக முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாராம்.

அந்த நாற்பத்து மூன்று பேர் யார் யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அதனால் டிப்போவில் யார் வந்து நேரம் கேட்டாலும், இவரும் அந்த வண்டியில் இருந்தவராக இருக்கலாம் என்று எழுந்து நின்று பதில் சொல்கிறார்.

கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எத்தனை நிமிஷம் லேட்டு?" பக்கத்தில் நின்றிருந்த மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே நின்று அவள் வேண்டிக்கொண்டதை அப்புறம்தான் சொன்னாள்: "இவர் எழுந்து உட்கார்ந்தா, இவரையே நடக்க வெச்சு உன் படிக்குக் கூட்டிட்டு வர்றேன்."

எழுந்து உட்கார்ந்தாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து டாக்டரும் அனுமதி கொடுத்துவிட்டார். "தாராளமா ஏறலாம். மெதுவா ஏறுங்க. ரொம்ப வெயில் வேண்டாம், ரொம்பக் குளிர் வேண்டாம், வழுக்கல் வேண்டாம். நல்ல மாசமா பார்த்துப் போங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் டாக்டர் சொல்லாமல் இருந்திருந்தால் எல்லாம் எப்போதோ முடிந்திருக்கும்.

டைம்கீப்பர் முதலில் மழை ஓய்கிற சமயத்தைத் தேர்ந்தெடுத்தார். லீவுகூட எழுதிக் கொடுத்துவிட்டார். கிளம்ப நாலு நாள் இருக்கும்போது மனைவி தலையை ஆட்டினாள்.

"வேண்டாங்க. ரெண்டாவது மண்டபத்துக்கு மேல படியெல்லாம் பாசியா இருக்காம்."

"யார் சொன்னா?"

"சொன்னாங்க."

சரி என்று பனிக்காலத்துக்கு மாற்றினார். அதற்கும் தலை ஆடியது. "விடியக்காலையில மேல மூச்சு இழுக்குதாம். உங்களுக்கு ஆகாது." கோடைக்கு மாற்றினார். "பத்து மணிக்கு மேல கல்லு கொதிக்குதாம். அந்த நேரத்துக்குள்ள நீங்க பாதி மலைகூட ஏறியிருக்க மாட்டீங்க." கோடையிலேயே கொஞ்சம் தள்ளி வேறு தேதி சொன்னார். அதுவும் தேறவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவர் ஒன்றைக் கவனித்துவிட்டார். மனைவி மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சாயங்காலங்களில் யாரும் பார்க்காத நேரம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள்.

டைம்கீப்பருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. பாசியும் இல்லை, பனியும் இல்லை. முழங்கால். மூவாயிரம் படி ஏற அவளால் முடியவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் மனசு வரவில்லை. அதனால்தான் மாதா மாதம் ஒரு சாக்கு. தன் உயிருக்காக வேண்டிக்கொண்டவள், அதை நிறைவேற்ற முடியாமல் உள்ளுக்குள் புழுங்குகிறாள்.

அன்றைக்குத்தான் அட்டவணை போட உட்கார்ந்தார். மாதம், வெயில், மழை, காற்று, கூட்டம் என்று பத்திகள். கடைசியில் பொடி எழுத்தில் 'மு.கா.' என்று ஒரு பத்தி. அது என்ன என்று மனைவி கேட்டதற்கு "முன்னேற்பாடு காரியங்கள்" என்று சமாளித்தார். அவள் முழங்காலும் நோகாமல், வேண்டுதலும் நிற்காமல் ஏற வருடத்தில் ஒரு நாள் இல்லாமலா போய்விடும்?

அட்டவணையை நாலு பேரிடம் காட்டலாமே என்று டிப்போவுக்குக் கொண்டுபோனார். அங்கேதான் சனி பிடித்தது.

"எல்லாரும் அபிப்பிராயம் சொல்லட்டும் சார்" என்று, அவர் உயிரைக் காப்பாற்றிய அதே கண்டக்டர் அதை வாங்கி நோட்டீஸ் போர்டில் குத்திவிட்டார். சாயங்காலம் டைம்கீப்பர் போய்ப் பார்த்தார். அட்டவணைக்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். முப்பத்து நாலு.

"என்னப்பா இது?"

"டிப்போ சார்பா மலைக்குப் போறதா பேசிக்கிட்டாங்க. உங்களுக்குச் சரியானதுல எல்லாருக்கும் சந்தோஷம் சார். எங்களுக்கும் சாமிக்கு நன்றி சொல்லணும்ல?"

இதற்கு மேல் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது?

மறுநாளிலிருந்து மாதப் பஞ்சாயத்து ஆரம்பித்தது. மெக்கானிக்குக்குப் பள்ளி விடுமுறையில்தான் தோதுப்படும். கேன்டீன்காரருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. டிக்கெட் பரிசோதகர் வெயில் காலம் தவிர எதற்கும் தயார், ஆனால் மழையில் மட்டும் வர மாட்டார். ஒருவரைச் சமாதானம் செய்தால் மூன்று பேர் முறைத்தார்கள்.

"ஓட்டுப் போட்டுடலாம்" என்றார் டைம்கீப்பர்.

பிஸ்கட் டப்பா ஒன்றில் மூன்று நாள் ஓட்டுப்பதிவு நடந்தது. அந்த வாரம் பார்த்து மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் அவர் வீட்டுக்குக்கூட நேரத்தோடு போகாமல் டப்பாவுக்குக் காவல் இருந்தார். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு மாதத்துக்கும் ஓட்டு விழுந்திருந்தது. மூன்று மாதங்கள் சமமாக முன்னிலை. முப்பத்து நாலு பேர் போட்ட ஓட்டு எப்படி முப்பத்தாறு ஆனது என்பது வேறு ரகளை.

கடைசியில் மலை ரூட் டிரைவரைக் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடமாக அடிவாரத்துக்கு வண்டி ஓட்டுகிறவர். அவர் சொன்னால் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

"நீங்களே சொல்லுங்க. எந்த மாசம் நல்லது?" என்றார் டைம்கீப்பர்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "என்னைக் கேட்டா எப்படி சார்? வீட்டுல அம்மாவைக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். வீட்டில் தனக்கு இருக்கும் செல்வாக்கு டிப்போ வரைக்கும் தெரிந்துவிட்டதே என்று டைம்கீப்பரும் அசடு வழியச் சிரித்து வைத்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் மேனேஜரிடமிருந்து அழைப்பு வந்தது.

"முப்பத்து நாலு பேர் ஒரே நாள் லீவு கேட்டிருக்காங்க" என்றார் மேனேஜர். "அன்னைக்கு வண்டியெல்லாம் யார் ஓட்டுறது? நானா?"

"சார், அது வந்து..."

"உங்களுக்கு மட்டும் எப்ப வேணும்னாலும் லீவு. போர்டுல இருக்கற பேப்பரை முதல்ல கழட்டுங்க."

கழற்றிய அட்டவணையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டைம்கீப்பர் வீட்டுக்கு வந்தார். வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தவருக்கு, இதற்கு மேல் நடிக்கத் தெம்பில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நான் மாசம் தேடறது எனக்காக இல்லை. உன் முழங்காலுக்காக."

மடித்துக்கொண்டிருந்த துண்டு அவள் கையிலேயே நின்றது. "என் முழங்காலுக்கு என்ன?"

"எனக்கு எல்லாம் தெரியும். நீ தைலம் தேய்க்கறதைப் பார்த்துட்டுதான் இருக்கேன். உன்னால ஏற முடியலைன்னா விட்டுடு. சாமி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார். எனக்கு உயிர் குடுத்தவருக்கு உன் கால் வலியும் தெரியாமலா இருக்கும்? நான் மட்டும் போய் ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு வர்றேன்."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்றைக்குப் பார்த்த முகம் மாதிரியே இருந்தது.

"நாளைக்குக் கிளம்பலாம்" என்றாள்.

"நாளைக்கா? இந்த மாசத்தை நான் முதல்லயே அடிச்சுட்டேனே! காத்து!"

"காத்தெல்லாம் இல்லை. இதுதான் சரியான மாசம். சட்டையை எடுத்து வைங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்னா தெரியும்."

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக, அவர் அட்டவணையில் இல்லாத ஒரு பயணம் கிளம்பியது. மறுநாள் காலை ஐந்து இருபது மலை ரூட்டில் அவர்களுக்கு முன் சீட்டு காத்திருந்தது. டிப்போ வாசலில் கண்டக்டரும் மெக்கானிக்கும் கேன்டீன்காரரும் வரிசையாக நின்று கை காட்டினார்கள். "எங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்குங்க சார்!" என்று யாரோ கத்தினார்கள். டைம்கீப்பர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கேயே பாதி வேண்டுதல் தீர்ந்துவிட்டது போல் இருந்தது அவருக்கு.

அடிவாரத்தில் இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார். வெயில் இதமாக இருந்தது. மேகம் பாதி மலைக்குக் குடை பிடித்திருந்தது. காற்று இருந்தது, ஆனால் தள்ளுகிற காற்று இல்லை, வியர்வையைத் துடைத்துவிடுகிற காற்று. படிகள் காய்ந்து சுத்தமாக இருந்தன. கூட்டமும் இல்லை. இந்த மாதத்தையா சிவப்புப் பென்சிலால் அடித்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டியைத் திருப்பிய கண்டக்டரை நினைத்துக்கொண்டார். முந்தானையால் விசிறிய முகம் தெரியாத அம்மாளையும், ஸ்டாப் போனாலும் பேசாமல் இருந்த மற்ற நாற்பத்து இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டார். இப்படி ஒரு நாளைப் பார்க்க வைத்தார்களே, அது போதும். மேலே போய்க் கேட்பதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை. சொல்வதற்குத்தான் நிறைய இருந்தது.

"பாவம், உனக்குத்தான் கஷ்டம்" என்றார் மனைவியிடம். "பழக்கமில்லாத படி. முடியலைன்னா பாதியில சொல்லிடு, என்ன? வெட்கப்படாதே. இரு, உனக்கு ஒரு கம்பு வாங்கறேன்."

படிக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொண்டு ஏறுவதற்குக் கம்பு வாடகைக்குக் கொடுக்கும் பெண் உட்கார்ந்திருந்தாள். டைம்கீப்பர் கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, தட்டிப் பார்த்து, கனம் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அவசர அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கம்புக்காரி அதற்குள் அவளைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் மலர்ந்து எழுந்து நின்றாள்.

"வாங்கம்மா! மழையில ஒரு தடவை, பனியில ஒரு தடவை, வெயில்ல ரெண்டு தடவைன்னு தனியா உச்சி வரைக்கும் ஏறிப் பார்த்துட்டு, 'இது அவருக்கு ஆகாது, இது அவருக்கு ஆகாது'ன்னு சொல்லிட்டே இறங்குவீங்க, போன வாரம்தான் சிரிச்சுட்டே இறங்கினீங்க... அந்த அவரு இவருதானா?"