தங்கி வாழும் பிள்ளை

“எண்ணூற்று நாப்பது ரூபாயை ஆர் எடுத்தது?” என்று பஸ்ரியன் மூன்றாவது முறையும் கேட்டார்.

“அரசாங்கம், அண்ணை,” என்றாள் வங்கியில் கண்ணாடிக்கு அப்பால் இருந்த சிவலட்சுமி. “உங்கட மகளின்ரை வட்டிக்கு வரி.”

“அவள் யாழ்ப்பாணத்திலை கம்பஸிலை படிக்கிறாள். உழைக்கிறதில்லை. சோத்துக்கும் நான்தான் அனுப்புறன். அவளிட்ட என்ன வரி?”

“அவ உழைக்காட்டிலும் அவவின்ரை காசு உழைக்குதே.”

பள்ளிமுனையில் வலையும் தூண்டிலும் விற்கிற பஸ்ரியன், மனைவி இறந்த வருடம் அவளுடைய நகைகளை விற்று, அப்போது பத்து வயதாயிருந்த மகள் சிசிலியாவின் பெயரில் போட்ட காசு அது. பிள்ளையின் கலியாணத்துக்கு. ஊர் ஊராக ஓடிய நாட்களில் சட்டிபானையை விட்டு ஓடினாரே தவிர, அந்த வைப்புப் பத்திரத்தை விட்டு ஓடவில்லை. சண்டை நின்று பாதை திறந்திருந்த இந்த நேரத்தில் அரசாங்கம் வந்து கை வைப்பதா?

“வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லையெண்டு சொல்லுற போம் ஒண்டு இருக்கு. குடுத்தா வெட்டமாட்டினம்,” என்றாள் சிவலட்சுமி. “பதினெட்டு தாண்டினபடியா அவதான் கையெழுத்து வைக்கோணும்.”

பஸ்ரியன் தொலைபேசிக் கடைக்குப் போய் மகளை அழைத்தார்.

“நான் நேரிலை வந்து வைக்கிறன் அப்பா. உங்களோடை கொஞ்சம் கதைக்கவும் வேணும்.”

“வந்து போற பஸ் காசு வரியை விடக் கூட. நீ படிப்பைப் பார், நான் சமாளிக்கிறன்.”

“இல்லை அப்பா, அது...”

“நிமிசத்துக்குக் காசு, பிள்ளை. வைக்கிறன்.”

வைத்துவிட்டார். அன்று பின்னேரமே அந்தப் படிவத்தில் மகளின் கையெழுத்தைத் தானே வைத்து, கீழே அழகாக ஒரு கோடும் இழுத்தார்.

படிவத்தை வாங்கிய சிவலட்சுமி அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தாள்.

“இது நீங்கள் வைச்சதெல்லோ?”

“ஆர் சொன்னது?”

“எங்கட வீட்டுக்காரர் உங்களிட்டத்தான் நைலோன் வாங்குறவர். பில்லிலையும் இதே கோடுதான். வேறை ஆரும் கண்டிருந்தா பொலிசுக்குப் போயிருக்கும், அண்ணை.” போமைக் கிழித்தாள். “இனி அவ அடையாள அட்டையோடை நேரிலை வரோணும்.”

வரச் சொல்லலாம்தான். வர வேண்டாம் என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? பஸ்ரியன் வங்கியை விட்டு, கிராம அலுவலரான விதானையாரைப் பிடித்தார். ‘மேற்படி சிசிலியா முற்றுமுழுதாகத் தகப்பனில் தங்கி வாழும் பிள்ளை’ என்று முத்திரை குத்திய கடிதம் கிடைத்தது. இரண்டு மாதம் அலைந்து, மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்கு வந்திருந்த வரி அதிகாரியிடம் அதை நீட்டினார்.

அதிகாரி வாசித்துச் சந்தோசப்பட்டார்.

“தங்கி வாழுற பிள்ளையெண்டா அந்த வட்டியை உங்கட வருமானத்தோடை சேர்க்கலாம். உங்கட பைல் நம்பர் என்ன?”

“எனக்குப் பைல் இல்லை.”

“என்ன தொழில்?”

“கடை.”

“எவ்வளவு காலம்?”

“இருபத்திரண்டு வருசம்,” என்றார் பஸ்ரியன், நெஞ்சை நிமிர்த்தி. சொல்லி முடித்த பிறகுதான் நெஞ்சு இறங்கியது. அதிகாரி புது பைல் மட்டை ஒன்றை எடுத்து அவருடைய பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அவளை வரவிட்டிருந்தால் ஒரு பஸ் காசோடு போயிருக்கும். பிள்ளையின் முகத்தையும் பார்த்திருக்கலாம். இது கச்சேரிப் படி இறங்கும்போது வந்த நினைப்பு.

மிதவை வாங்கக் கடைக்கு வந்த தாவூது கதையைக் கேட்டார். எருக்கலம்பிட்டிக்காரர். புத்தளத்தில் பன்னிரண்டு வருடம் அகதியாக இருந்ததில் கடிதங்கள் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை.

“தங்கி வாழுறா எண்டு கடுதாசி எடுத்ததுதான் பிழை. இனி, தங்கி வாழேல்ல எண்டு ஒண்டு எடுங்க. கட்டிக்குடுத்த புள்ள வாப்பாட கணக்குல வராது.”

“நான் இன்னும் கட்டிக்குடுக்கேல்லையே.”

“பேசி முடிஞ்சுது, கெதியாக் கலியாணம் எண்டு கோயில்ல ஒரு கடுதாசித் துண்டு வாங்குங்க. மாப்பிள்ளய பிறகு தேடலாம்.”

“கோயிலிலை பொய் சொல்லுறதோ?”

“அப்ப வரியக் கட்டுங்க.”

பஸ்ரியன் சட்டை மாற்றிக்கொண்டு தேவாலயத்தின் பங்குக் கந்தோருக்குப் போனார். அங்கே எழுத்துவேலை பார்க்கிற பெற்றிசியா கதிரையைக் காட்டினாள். சொல்லப்போகும் பொய்யை அவர் வழியெல்லாம் பாடமாக்கி வந்திருந்தார். ஆனால் வாயைத் திறந்தபோது மனதில் வந்தது வேறு. நகையெல்லாம் இல்லாமல், வெள்ளை உடுப்போடு சிசிலியா நிற்பது போல ஒரு தோற்றம். காசு சேர்த்த இத்தனை வருடத்தில், எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேணும் என்று அவளிடம் ஒரு சொல் கேட்டதில்லை.

“பிள்ளைக்கு... ஒரு இடத்திலை பேசியிருக்கு, பெற்றிசியா. கெதியாக் கலியாணம். இனி அவள் என்ரை பொறுப்பில்லையெண்டு ஒரு கடுதாசி வேணும்.”

பெற்றிசியா அலுமாரியைத் திறந்து ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து, சிசிலியாவின் பக்கத்தைப் பிரித்தாள். ஓரத்தில் இருந்த இரண்டு வரியில் விரலை வைத்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பேசியிருக்கு எண்டு எழுதேலாது, அண்ணை, வைகாசியிலை யாழ்ப்பாணத்திலை கலியாணம் முடிஞ்சுதெண்டு அங்கத்தைக் கோயில் சுவாமியார் அறிவிச்சு, நான்தான் இதிலை பதிஞ்சனான் — நீங்கள் போகேல்லையோ?”