கோமளாவின் பொன்வண்டு

தீப்பெட்டிக்குள் பொன்வண்டு முட்டையிட்டிருந்தது. ராசப்பன் எண்ணிப் பார்த்தான். பதினேழு.

"கோமளா, இங்க பாரு. முட்ட போட்டிருக்குது."

அடுப்படியிலிருந்து கோமளா எட்டிப் பார்த்தாள். "ஆமாங்க," என்றாள்.

கல்யாணமாகி இரண்டு மாதம். கணியூரில் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவள், அருள்புரத்து ஒற்றை அறை லைன் வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ராசப்பன் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அளவாக வெட்டத் தெரிந்தவனுக்குப் பெண்டாட்டியைப் பேசவைக்கத் தெரியவில்லை.

போன மாதம் அமராவதி அணைக்குக் கூட்டிப் போனபோதுதான் ஒரு வழி கிடைத்தது. வேலமரத்தில் இந்த வண்டைப் பார்த்துக் கோமளா அப்படியே நின்றுவிட்டாள். கண் இமைக்கவில்லை. வண்டின் கால் முள் பட்டாலே ராசப்பனுக்கு உடம்பு கூசும். இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து, தீப்பெட்டியில் போட்டு அவள் கையில் கொடுத்தான்.

"நல்லாருக்குதுங்க," என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளாகச் சொன்ன முதல் வார்த்தை.

ஆகவே முட்டை பொரிந்தே தீர வேண்டும்.

கம்பெனியில் செக்கிங் வேலை செய்யும் ரங்காத்தாளிடம் யோசனை கேட்டான்.

"முட்டைக்குச் சூடு வேணுமுங்க மாஸ்டர். எலி, எறும்பு அண்டக்கூடாது. பூட்டற எடமாப் பாத்து வெய்ங்க."

வீட்டில் பூட்டுகிற இடம் கோமளாவின் சீர் பீரோ ஒன்றுதான். முகூர்த்தப் பட்டின் மேல் தீப்பெட்டியை வைத்து, ஒயர் இழுத்து நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டான். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து திறந்தபோது ஜரிகை ஓரம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. முட்டைகள் சௌக்கியம்.

"சேல போச்சே கோமளா."

"பரவால்லீங்க. முட்டைக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

ராசப்பன் சேலையை மடித்து வைத்தான். எப்பேர்ப்பட்ட மனசு.

பல்பைக் கழற்றிவிட்டு, தீப்பெட்டியை அடுப்பு மேடையில் தண்ணீர்த் தட்டுக்கு நடுவே வைத்தான். எறும்பு வரவில்லை. உலை ஆவியில் தீப்பெட்டி நமுத்துப் பிரிந்தது. முட்டைகள் இருந்தன, வண்டைக் காணவில்லை.

ராசப்பன் கட்டிலுக்கடியில் தவழ்ந்து தேடினான். கோமளா ஸ்டூலின் மேல் ஏறி, சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"மிதிச்சுடக்கூடாதுன்னு ஏறிட்டியா?"

"ஆமாங்க."

வண்டு அவள் பின்னலில் உட்கார்ந்திருந்தது. எடுத்துக் காட்டியபோது கோமளாவின் கண் நிறைந்துவிட்டது.

வண்டு தின்னத் தழை கொண்டுவருவதுதான் பெரிய பாடு. தினமும் காலையில் பல்லடம் ரோட்டில் கொடுக்காப்புளி மரம் தேடியதில் தொடர்ந்து நான்கு நாள் வேலைக்குத் தாமதம். மேனேஜர் கூப்பிட்டார்.

"ஷிப்மெண்ட் நேரத்துல என்னங்க மாஸ்டர் இது?"

"ஊட்ல ஒரு பிரசவமுங்க."

கல்யாணத்துக்கு வந்திருந்த மேனேஜர் மேசைக்கடியில் விரல் மடக்கிப் பார்த்தார். பிறகு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் மூன்று நாள் லீவு கொடுத்தார்.

லீவின் இரண்டாம் நாள் முட்டைகள் பொரிந்தன. வெள்ளை வெள்ளையாகப் பதினேழு புழுக்கள் நெளிந்தன. ராசப்பனுக்குக் குமட்டியது. விழுங்கிக்கொண்டு கோமளாவைக் கூப்பிட்டான். பார்த்தவள் தரையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, "முருகா," என்று கைகூப்பினாள்.

ராசப்பனும் பக்கத்தில் உட்கார்ந்து கைகூப்பினான். இனி இவள் சந்தோஷமாக இருப்பாள் என்று தோன்றியது. கை அரித்தது. பொறுத்துக்கொண்டான்.

மறுநாள் தலைத் தீபாவளிக்கு அழைக்க மாமனார் அய்யாசாமி கணியூரிலிருந்து வந்தார். கோமளா பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவர் மடியில் வைத்திருந்த அட்டைப்பெட்டியில் சிறுசிறு ஓட்டைகள். உள்ளே கரகரவென்று சத்தம்.

"என்னங்க மாமா இது?"

"பத்து பொன்வண்டுங்க மாப்ள. கோமளாதான் பூத்துலருந்து போன் போட்டுப் புடிச்சாரச் சொன்னா," என்றார் அய்யாசாமி. "சின்னதுலருந்தே வண்டப் பாத்தா அவளுக்குக் காச்சலு வந்துருமுங்க. ஆனா உங்களுக்கு அதுன்னா உசுராமா, ஒண்ணே ஒண்ண வெச்சுட்டுத் தவிக்கறீங்களாமா."